கோடு போட்டது 1962-ல்: பம்பாயின் விரைவுச் சாலையும் சுரங்கமும்

புதுக்கோட்டைக்கு முதல் முறையாக வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் போக மாட்டார்கள். ஊரின் நடுப்பகுதியில் வீதிகள் எல்லாம் அளவுகோல் வைத்துக் கிழித்த கோடுகளைப் போல நேராக ஓடும். கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி. அவற்றை அடுத்து இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று வரிசையாக எண்கள். ஊருக்குப் புதியவர்கூட எண்ணிக்கொண்டே போய் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டைமான் மன்னர் காலத்தில் ஊரைத் திருத்தி அமைத்தபோது வந்த ஒழுங்கு இது. மன்னர் ஆணையிட்டார், கோடு போட்டார்கள், வீதி பிறந்தது.

சிறிய ஊர், அதிகாரம் ஒருவர் கையில். ஆகவே அது எளிதாயிற்று. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் நெருக்கியடித்து வாழும் மாநகரின் குறுக்கே இன்று ஒரு நேர்கோடு போட வேண்டுமென்றால் என்ன செய்வது? கோடு செல்லும் வழியெல்லாம் வீடு இருக்கும், கோயில் இருக்கும், தொழிற்சாலை இருக்கும், ரயில் பாதை இருக்கும். மிஞ்சியிருக்கும் இடம் இரண்டே இரண்டுதான். ஒன்று, தரைக்கு மேலே. மற்றொன்று, தரைக்குக் கீழே.

நம் நாட்டில் இந்த இரண்டையும் செய்து பார்த்துக்கொண்டிருக்கும் நகரம் பம்பாய். 1995 முதல் மும்பை என்று பெயர் மாறிவிட்ட அந்நகரில் 1962-ல் தொடங்கிய கோடு ஒன்று இன்னும் முடிந்தபாடில்லை. அந்தக் கோட்டின் கதையை இங்கே காண்போம். அதற்குள் விஞ்ஞானமும் உண்டு, நமக்கு ஒரு பாடமும் உண்டு.

தீவின் வடிவம்

தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். பம்பாய் நகரம் கடலுக்குள் தெற்கு நோக்கி நீட்டிய விரலைப் போலத் தோன்றும். முன்பு ஏழு தீவுகளாக இருந்தவற்றை இடையிலிருந்த கடலைத் தூர்த்து ஒன்றாக்கினார்கள். மாகிமையும் பாந்த்ராவையும் இணைக்கும் கடற்பாலச் சாலை 1845-ல் திறக்கப்பட்டது. படகு கவிழ்ந்து மக்கள் மாண்டதைக் கேட்டு மனம் வருந்திய ஆவாபாய் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி மாது அதற்காக 1,57,000 ரூபாய் கொடுத்தார். அந்நாளில் அது பெருஞ்செல்வம்.

1853 ஏப்ரல் 16-ல் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. 1925-ல் மின்சார ரயில் வந்தது. துறைமுகமும் கோட்டையும் அலுவலகங்களும் விரலின் தென் நுனியில். மக்கள் குடியிருப்பு வடக்கே. எனவே காலையில் நகரம் முழுவதும் தெற்கே பாய்கிறது. மாலையில் வடக்கே திரும்புகிறது. அகன்ற வாய் வழியே தண்ணீரை ஊற்றினால் புனலின் ஒடுங்கிய கழுத்தில் என்ன நேருமோ, அதுவே அங்கு நாள்தோறும் இரு முறை நேர்கிறது.

அமெரிக்காவிலிருந்து வந்த திட்டம்

1956-ல் அமெரிக்க நாடு மாநிலங்களை இணைக்கும் மாபெரும் நெடுஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. அதன் பயனாகப் பெருகிய சாலை வகையை 'ஃப்ரீவே' என்பார்கள். நம் வசதிக்கு விரைவுச் சாலை என்றே சொல்வோம். அதில் விளக்குக் கம்பம் காட்டி வண்டியை நிறுத்தும் சந்தி கிடையாது. குறுக்கே தெரு வராது. ஓரத்தில் கடையோ வீட்டு வாசலோ திறக்காது. குறிப்பிட்ட சரிவுப் பாதைகள் வழியாக மட்டுமே ஏறலாம், இறங்கலாம்.

இத்துறையில் பெயர் பெற்றிருந்த வில்பர் சுமித் என்ற அமெரிக்கப் பொறியியலாரின் நிறுவனத்திடம் பம்பாயின் போக்குவரத்தை ஆராயும் பணி 1962-ல் ஒப்படைக்கப்பட்டது. 1963-ல் அறிக்கை வந்தது. தீவின் கிழக்கே துறைமுகத்தை ஒட்டி ஒரு விரைவுச் சாலை, மேற்கே கடற்கரையை ஒட்டி மற்றொன்று, துறைமுக நீர்ப்பரப்பைத் தாண்டி எதிர்க்கரைக்கு ஓர் இணைப்பு என்று படத்தில் கோடுகள் விழுந்தன.

1965-ல் கெம்ப்ஸ் கார்னர் என்ற இடத்தில் மேம்பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த பொறியியலார் சிரீஷ் படேல். வியப்பு என்னவென்றால், அதே 1965-ல் அவரும் கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா ஆகியோரும் சேர்ந்து 'மார்க்' இதழில் முற்றிலும் வேறான ஒரு யோசனையை வெளியிட்டார்கள். 'தென் நுனிக்குச் செல்லும் வழியை அகலப்படுத்துவதைவிட, வேலைகளையே எதிர்க்கரைக்கு மாற்றினால் என்ன?' என்பதே அதன் சாரம். அதிலிருந்து 1970-ல் 'சிட்கோ' நிறுவனமும் புதிய பம்பாய் நகரமும் தோன்றின. ஆனால் அதே எழுபதுகளில் தென் நுனியில் நரிமன் முனையில் கடலைத் தூர்த்து வானளாவிய அலுவலகங்களையும் எழுப்பினார்கள். ஒரு கையால் கூட்டத்தை அப்பால் போகச் சொல்லி, மறு கையால் கூப்பிட்டது போலாயிற்று.

அதே ஆண்டில் எழுதப்பட்ட இன்னொரு காகிதம்

பம்பாயில் ஆய்வு தொடங்கிய அதே 1962-ல் அமெரிக்காவில் ஆன்டனி டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நெருக்கடி நேரத்தில் நகர விரைவுச் சாலையில் வண்டிகள், சாலையின் முழுக் கொள்ளளவையும் எட்டும் வரை பெருகியே தீரும் என்றார் அவர். அதை ஒரு விதி என்றே அழைத்தார்.

ஏன் அப்படி? புதிய சாலை திறந்ததும் முதல் நாள் காலியாக இருக்கும். நெரிசலுக்கு அஞ்சி வேறு வழியில் போனவர் இந்த வழிக்கு வருவார். விடியற்காலையிலேயே கிளம்பியவர் சாவகாசமாகப் புறப்படுவார். ரயிலில் போனவர் கார் வாங்குவார். மூவரும் வந்து சேரும்போது சாலை பழையபடி நிரம்பிவிடும். 2011-ல் டுராண்டன், டர்னர் என்ற இரு அறிஞர்கள் அமெரிக்க நகரங்களின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, சாலையின் நீளம் கூடும் அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று காட்டினார்கள். ரயில் விட்டாலும் சாலை காலியாகிவிடாது என்றும் அதே ஆய்வு கூறுகிறது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சாலையின் கொள்ளளவு எவ்வளவு? அதை ஐந்தே நிமிடத்தில் நீங்களே கணக்கிடலாம். என் வகுப்பு மாணவர்களிடம் நான் இதைக் கேட்பதுண்டு. பாதுகாப்பாக வண்டி ஓட்டுபவர் முன்னே செல்லும் வண்டிக்கும் தமக்கும் இரண்டு விநாடி இடைவெளி விட வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது சுமார் 33 மீட்டர். 90 கி.மீ. வேகத்தில் 50 மீட்டர். இப்போது சாலை ஓரத்தில் நின்று எண்ணுங்கள். இரண்டு விநாடிக்கு ஒரு வண்டி. ஒரு மணிக்கு 3,600 விநாடி. ஆகவே 1,800 வண்டி. '90 கி.மீ. வேகத்தில் போனால் அதிகம் போகுமே, சார்!' என்று ஒரு மாணவனாவது சொல்வான். போகாது. வேகம் கூடினால் இடைவெளியும் கூடுகிறது. எண்ணிக்கை அதே 1,800. நெருக்கி ஓட்டினால் இரண்டாயிரத்தைத் தொடலாம், சற்றே தாண்டலாம். நாலாயிரம் ஆகாது. விரைவுச் சாலை பயணத்தை விரைவாக்குமே ஒழிய, ஒரு தடத்தின் கொள்ளளவை வேகத்தால் பெருக்க இயலாது. இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோடு சாலையாயிற்று

பணம் இல்லை, இடம் இல்லை, வழியில் குடிசைகள், கரையில் மீனவர் குப்பங்கள். இப்படிப் பல காரணங்களால் படத்தில் இருந்த கோடுகள் படத்திலேயே கிடந்தன. நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2009 ஜூன் 30-ல், பாந்த்ராவையும் வொர்லியையும் இணைக்கும் 5.6 கி.மீ. கடற்பாலம் திறக்கப்பட்டது. 2013 ஜூனில் கிழக்கு விரைவுச் சாலையின் பெரும்பகுதியும், மறு ஆண்டில் மிச்சமும் திறக்கப்பட்டன. மொத்தம் 16.8 கி.மீ. பெரும்பகுதி தூண்களின் மேல் செல்கிறது. ஆணிக்–பாஞ்ராபோல் பகுதியில் மட்டும் குன்றைக் குடைந்து சுமார் அரைக் கிலோமீட்டர் நீள இரட்டைச் சுரங்கம் அமைத்தார்கள். 2024 ஜனவரி 12-ல் எதிர்க்கரைக்குச் செல்லும் 21.8 கி.மீ. அடல் சேது திறக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் மேற்குக் கடற்கரைச் சாலையின் முதல் பகுதி திறந்தது. வில்பர் சுமித் அறிக்கை வந்து அதற்குள் அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

கிழக்கு விரைவுச் சாலை தெற்கே 'ஆரஞ்சு கேட்' என்னும் துறைமுக வாயில் அருகே முடிகிறது. தடையின்றி ஓடிவந்த வண்டிகள் எல்லாம் அங்கே பழைய தெருக்களில் இறங்கியாக வேண்டும். அகன்ற குழாயை ஒடுங்கிய குழாயில் பொருத்தினால் தேங்குமிடம் மாறுமே தவிரத் தேக்கம் தீராது. எனவே, ஆரஞ்சு கேட்டிலிருந்து நகரின் அடியில் குறுக்கே சென்று மேற்குக் கரையில் மரைன் டிரைவில் வெளிவரும் இரட்டைச் சுரங்கச் சாலைக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அணுகு சாலைகளையும் சேர்த்து நீளம் ஏறத்தாழ 9 கி.மீ.; மதிப்பீடு 8,700 கோடி ரூபாய்க்கு மேல். ரயில் பாதைகளுக்கும் பழைய கட்டடங்களுக்கும் மெட்ரோ சுரங்கத்துக்கும் அடியில் அது செல்ல வேண்டும்.

பாறைக்குள் பாதை

நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பாறையைக் குடைவது புதிதன்று. சித்தன்னவாசலிலும் நார்த்தாமலையிலும் உளியும் சுத்தியும் கொண்டு குடைந்த கோயில்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நகரின் அடியில் குடைவதற்கு வேறொரு சிக்கல் உண்டு. குடையும் இடத்தின் மேல் மண்ணும் நீரும் கட்டடமும் இருக்கும். தோண்டும் கணத்திலேயே அதைத் தாங்கவும் வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் மார்க் புரூனல். கப்பலின் மரத்தைத் துளைக்கும் கடற்புழு, தலையில் உள்ள ஓட்டால் மரத்தை அராவிக்கொண்டே தன் பின்னால் உள்ள துளையைச் சுண்ணாம்புப் பூச்சால் உறுதிப்படுத்திக்கொண்டு போவதை அவர் கண்டார். அதைப் பின்பற்றி இரும்புக் கேடயம் ஒன்றை அமைத்து, 1825 முதல் 1843 வரை, பலமுறை வெள்ளம் உள்ளே புகுந்தும் மனம் தளராமல், லண்டனில் தேம்ஸ் ஆற்றின் அடியில் சுரங்கம் போட்டார். இன்றைய சுரங்கம் துளைக்கும் இயந்திரம் அந்தப் புழுவின் வழித்தோன்றல்தான்.

பம்பாய்க் கடற்கரைச் சாலைக்கு மலபார் குன்றின் அடியில் 2.07 கி.மீ. நீளத்தில் இரண்டு சுரங்கங்கள் தேவைப்பட்டன. அதற்கு வந்த இயந்திரத்தின் விட்டம் 12.19 மீட்டர், அதாவது நான்கு மாடி உயரம். சிவாஜியின் வீரர்களின் நினைவாக அதற்கு 'மாவ்ளா' என்று பெயரிட்டார்கள். 2021 ஜனவரியில் துளைக்கத் தொடங்கிய அது, முதல் சுரங்கத்தை 2022 ஜனவரியிலும் இரண்டாவதை 2023 மே மாதத்திலும் முடித்தது. அதன் முகப்பில் சுழலும் வட்டத் தட்டு பாறையை நொறுக்குகிறது. களிமண் குழம்பு ஒன்றை முன்புறம் அழுத்தத்துடன் நிரப்பி நீரைத் தடுக்கிறார்கள். அக்குழம்போடு கலந்தே நொறுங்கிய கல் வெளியே வருகிறது. பின்னாலேயே கான்கிரீட் வில்லைகளை வட்டமாகப் பொருத்திச் சுவரெழுப்புகிறார்கள்.

குழம்பு எதற்கு என்று கேட்கலாம். பாறைப் பிளவுகள் வழியே கடல் நீர் வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம். நீர்மட்டத்துக்கு 20 மீட்டர் கீழே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 20 டன் அழுத்தம். இயந்திரத்தின் முகப்பளவு சுமார் 117 சதுர மீட்டர். பெருக்கினால் 2,300 டன்னுக்கு மேல் வரும். அந்த நீர்ச்சுவரைக் குழம்பின் எதிரழுத்தம்தான் தாங்குகிறது.

குடைந்து முடித்தால் போதுமா? மின்சார ரயில் சுரங்கத்துக்கு இல்லாத தொல்லை ஒன்று கார்ச் சுரங்கத்துக்கு உண்டு. அது புகை. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அடைபட்ட இடத்தில் ஆளைக் கொல்லும். நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றின் அடியில் ஹாலண்ட் சுரங்கத்தை அமைத்தபோது இதுதான் பெரும் கேள்வி. யேல் பல்கலைக்கழகத்தில் யாண்டல் ஹெண்டர்சன், மனிதர்கள் எந்த அளவு வரை இந்த வாயுவைத் தாங்குவார்கள் என்று தொண்டர்களை அறைக்குள் அமர்த்திச் சோதித்தார். தலைமைப் பொறியியலார் கிளிஃபர்ட் ஹாலண்ட் வேலை முடியும் முன்பே 41-ஆம் வயதில் இறந்தார். 1927-ல் சுரங்கம் திறந்தபோது 84 விசிறிகள் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளேயுள்ள காற்று முழுவதையும் மாற்றின. பம்பாய்க் கடற்கரைச் சாலையில் சக்கார்டோ முறை கையாளப்படுகிறது. இத்தாலியப் பொறியியலார் ஒருவர் நீராவி ரயில் சுரங்கங்களுக்காக வகுத்தது அது. சுரங்கத்தின் வாயருகே ஒரு குழல் வழியே பலமாகக் காற்றைச் சாய்வாகப் பாய்ச்சினால், அந்த வீச்சு உள்ளேயுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு மறுமுனைக்குத் தள்ளிச் செல்லும்.

எத்தனை பேருக்கு இந்தப் பாதை?

பொறியியல் திறத்தை மெச்சுவோம். இனி, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன கணக்கை எடுங்கள்.

ஒரு தடத்தில் மணிக்கு 1,800 கார். ஒரு காரில் சராசரி ஒன்றரைப் பேர் என்று கொண்டால் 2,700 பேர். 11 மீட்டர் உள்விட்டமுள்ள சுரங்கத்தில் மூன்று தடம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 8,100 பேர். அதே நகரின் அடியில் மூன்றாம் மெட்ரோ பாதை 2024 அக்டோபரில் தொடங்கி 2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. நீளம் 33.5 கி.மீ. எட்டுப் பெட்டி ரயில் ஒன்றில் 2,500 பேர் என்றும், நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றும் கொள்வோம். மணிக்கு 15 ரயில், 37,500 பேர். அதற்குத் தேவையான சுரங்கத்தின் உள்விட்டமோ ஆறு மீட்டர்கூட இல்லை. முகப்பளவில் கார்ச் சுரங்கம் மூன்றரை மடங்கு பெரிது. ஆட்களைக் கொண்டு செல்வதில் நான்கரை மடங்கு சிறிது.

கடற்பாலத்திலும் கடற்கரைச் சாலையிலும் அடல் சேதுவிலும் இரு சக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. வேகச் சாலையில் அவை செல்வது ஆபத்து என்பது உண்மை. அதனால் விளைவு மாறிவிடுமா? ஊரார் பணத்தில் போட்ட சாலையில் ஊராரில் பெரும்பாலோர் சொந்த வண்டியில் கால் வைக்க முடியாது. பேருந்துக்குத் தடை இல்லை. ஆனால் ஒரு தடத்தைப் பேருந்துக்கென்றே ஒதுக்கி நிறைய ஓட்டினால்தான் கணக்கு மாறும்.

கரையில் வாழ்பவரின் கணக்கு வேறு. கடற்கரைச் சாலைக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை 2019 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேலையைத் தொடர அனுமதித்தது. வொர்லிக் கோலி மீனவர்கள், பாலத் தூண்களுக்கு இடையே தங்கள் படகு பாதுகாப்பாகப் போக இடைவெளி போதாது என்று நெடுநாள் போராடினார்கள். இறுதியில் 60 மீட்டராக இருந்த இடைவெளி 120 மீட்டர் ஆக்கப்பட்டது. அலையும் காற்றும் படகை எவ்வளவு தள்ளும் என்பதைத் துடுப்பு பிடித்தவனிடம் முன்பே கேட்டிருந்தால் இத்தனை பிணக்கு வந்திராது.

நமக்கு என்ன?

மற்ற நாடுகள் இந்தக் கோட்டை எப்படித் திருத்திக்கொண்டன என்று பாருங்கள். பாஸ்டன் நகரம் 1959-ல் ஊர் நடுவே எழுப்பிய தூண் சாலையை இடித்துவிட்டு, 1991 முதல் 2007 வரை பாடுபட்டு 1,400 கோடி டாலருக்கு மேல் செலவழித்து அதையே பூமிக்கு அடியில் புதைத்தது. சான் பிரான்சிஸ்கோ, 1989 நிலநடுக்கத்தில் சேதமுற்ற கடலோர விரைவுச் சாலையைத் திரும்பக் கட்டாமல் இடித்துத் தள்ளியது. தென் கொரியாவின் சியோல், சாலைக்கு அடியில் மறைந்து கிடந்த ஓடையை 2005-ல் மீட்டெடுத்தது.

நம் சென்னையிலும் ஒரு கோடு உண்டு. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு உயர்மட்டச் சாலை அமைக்க 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். கூவம் ஆற்றுக்குள் தூண் நிறுத்தியதால் வெள்ளம் வடியத் தடை வரும் என்று 2012-ல் வேலை நின்றது. வழக்கு நடந்தது. பாதியில் நின்ற தூண்களைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டே சென்னைவாசிகள் பயணம் செய்தார்கள். 2022-ல் இரண்டடுக்குச் சாலையாக மாற்றி மறுபடியும் அடிக்கல் நாட்டப்பட்டது. சரக்குப் பெட்டி ஏற்றிய லாரி மெட்ரோவில் ஏற முடியாது. துறைமுகத்துக்குத் தனிப்பாதை வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. எனவே விரைவுச் சாலையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். சாலைத் திட்டம் ஒன்றை யாராவது விளக்கும்போது, 'எத்தனை வண்டி போகும், எத்தனை நிமிடம் மிச்சம்' என்று சொல்வார்கள். நீங்கள், 'எத்தனை பேர் போவார்கள், எதை ஏற்றிக்கொண்டு போவார்கள், யாருடைய இடத்தின் மேல் போவார்கள்' என்று திருப்பிக் கேளுங்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு காகிதங்கள் எழுதப்பட்டன. பம்பாய் ஒன்றை அறுபது ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து கட்டி முடிக்கிறது. மற்றொன்றைப் புரட்டியும் பார்க்கவில்லை.

புதுக்கோட்டையின் நேர் வீதிகளில் இன்றும் மாலையில் நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம், பேருந்தும் போகும். அன்று போட்ட கோடு நன்றாக அமைந்ததற்கு அது நேராக இருந்தது மட்டும் காரணமன்று. எல்லோரும் நடக்கும் வீதியாக அது இருந்தது. தரைக்கு மேலே போட்டாலும் கீழே போட்டாலும் இனி வரும் கோடுகளுக்கும் அதுவே உரைகல்.